யாரெலியின் கோபம்

சாயோவின் சமையலறைக்குள் கோபத்தோடு யாரும் நுழையக்கூடாது. புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்தவளானாலும் சரி, கோயில் பாதிரியாரே ஆனாலும் சரி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவாள். கோபக்காரி தொட்ட தமாலே, அதாவது மடலில் சுற்றி அவிக்கிற எங்கள் சோளமாவுக் கொழுக்கட்டை, வேகாது. எவ்வளவு நேரம் ஆவியில் வைத்தாலும் நடுவில் மாவு பச்சையாகவே இருக்கும். எங்கள் ஊரில் இதை நம்பாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் சண்டை போட்ட நாளில் அவித்த தமாலேயை அவர்களே தின்று பார்த்தபிறகு வாயைத் திறக்கவில்லை.

நவம்பர் மாதத்து அந்தச் சனிக்கிழமை பத்துப் பன்னிரண்டு பெண்கள் சாயோ வீட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி ஊறவைத்த சோள மடல்களைத் துடைத்துக் கொடுக்க, நாலு பேர் அதில் மாவு தடவ, மற்றவர்கள் மிளகாய்க் கறியை வைத்து மடித்தார்கள். விற்று வருகிற காசு வக்கீலுக்கு. வக்கீல் புத்தகங்களுக்கு.

ஆமாம், புத்தகங்களுக்குத்தான். எங்கள் ஊர் அரிசோனாவின் தெற்கு ஓரம். லெட்டூஸ் கீரை வயல்கள் முடிகிற இடத்தில் மெக்சிகோ எல்லை வேலி நிற்கும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போஹோர்கெஸ் என்ற வாத்தியார் ஒரு வகுப்பு நடத்திவந்தார். மெக்சிகோ வழி வந்த எங்கள் ஜனங்களின் சரித்திரம், எங்கள் ஜனங்கள் எழுதின கதை, கவிதை, இவைதான் பாடம். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு சேர்ந்தார்கள். அது தலைநகரத்தில் இருந்தவர்களின் கண்ணை உறுத்திவிட்டது. ஓர் இனத்துப் பிள்ளைகளுக்கு இன்னோர் இனத்தின்மேல் மனக்கசப்பை வளர்க்கிற வகுப்பு எதுவும் கூடாது என்று சட்டம் போட்டார்கள். எங்கள் வகுப்பு அப்படிப்பட்டதுதானா என்று பார்த்து அறிக்கை எழுத ஒரு அம்மாளை அமர்த்தி அனுப்பினார்கள். அறிக்கையைப் பார்த்துப் பள்ளி வாரியம் டிசம்பரில் முடிவு செய்யும். கசக்காத சரித்திரம் எங்கே கிடைக்கும் என்று யாரும் சட்டத்தில் எழுதவில்லை.

மேஜையின் கோடியில் உட்கார்ந்து மாவு தடவிக்கொண்டிருந்தாள் எர்லிந்தா. லெட்டூஸ் வயலில் இருபது வருஷமாகக் குனிந்து குனிந்து முதுகு நிமிராமல் போனவள். வக்கீலும் சட்டமும் அவளுக்கு அரைகுறையாகத்தான் புரியும். ஆனால் அந்தப் புத்தகங்கள் போய்விட்டால் தனக்கு என்ன போகும் என்பது அங்கிருந்த எல்லோரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவளுடைய ஒரே மகள் யாரெலி. சின்ன வயதில் "அமா, அமா" என்று பாவாடையைப் பிடித்துக்கொண்டு அலைந்தவள், ஏழாம் வகுப்புக்குப் போனதும் "மாம்" என்று கூப்பிட ஆரம்பித்தாள். வீட்டிலும் இங்கிலீஷ்தான். எர்லிந்தா ஸ்பானிஷில் கேட்டால் யாரெலி இங்கிலீஷில் பதில் சொல்வாள், அதுவும் ஒற்றை வார்த்தை. ஒருநாள் கடையில் காசு கொடுக்கிற வரிசையில் இருவரும் நின்றபோது யாரெலியின் பள்ளித் தோழிகள் வந்துவிட்டார்கள். எர்லிந்தா வயலிலிருந்து நேராக வந்திருந்தாள். காலணியில் சேறு, தலையில் துண்டு. யாரெலி சத்தமில்லாமல் பக்கத்து வரிசைக்கு நகர்ந்துவிட்டாள். கடைக்காரப் பெண் எர்லிந்தாவிடம் ஏதோ கேட்டாள், இவளுக்குப் புரியவில்லை. இரண்டு அடி தள்ளி நின்ற மகள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று எர்லிந்தா வாங்கின சாமானை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். மகள் வந்து ஏறினாள். வயிற்றில் பிறந்தது நம்மைப் பார்த்துக் கூசினால் அந்த வலியை யாரிடம் போய்ச் சொல்வது?

இப்படியே நாலு வருஷம். பிறகுதான் யாரெலி போஹோர்கெஸ் வாத்தியாரின் வகுப்பில் சேர்ந்தாள். ஒரு சாயங்காலம் ஆரஞ்சு அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்து, எர்லிந்தாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். வயலில் வேலை செய்த பெண்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லியிருக்கிற புத்தகம் அது. ஒரு பக்கத்தைப் படித்தாள், அம்மாவின் கையைப் பார்த்தாள். மறுபடி படித்தாள். பிறகு ஸ்பானிஷில், தட்டித் தடவிக் கேட்டாள்.

"அமா, உனக்கு அங்க குடிக்கத் தண்ணி குடுப்பாங்களா?"

கையில் இருந்த கரண்டியை எர்லிந்தா கீழே வைத்துவிட்டாள். தண்ணீரா கேட்டது? நாலு வருஷத்துக்குப் பிறகு அந்த "அமா" அல்லவா கேட்டது! அன்றிலிருந்து தினமும் ஒரு கேள்வி, ஒரு கதை. யாரெலி கேட்கக் கேட்க எர்லிந்தா இருபது வருஷத்தையும் அவிழ்த்துக் கொட்டினாள்.

இதெல்லாம் போய்விடக்கூடாது என்றுதான் எர்லிந்தா மாவு தடவிக்கொண்டிருந்தாள்.

அப்போது வாசலில் கார் வந்து நின்றது. இறங்கினவள் டெனிஸ் அர்மெந்தா, தலைநகரத்திலிருந்து அறிக்கை எழுத வந்த அதே அம்மாள். பெண்கள் எல்லோரும் சாயோவை முறைத்தார்கள்.

"என்னை ஏன் பாக்குறீங்க? நான்தான் கூப்பிட்டேன்" என்றாள் சாயோ. "போன ஞாயித்துக்கிழமை பூசைக்கு வந்து முட்டி போட்டுச்சு, சிலுவை போட்டுச்சு. பேரப் பாருங்க, அர்மெந்தா. நம்ம பொண்ணுதான். நம்ம என்ன திருடிட்டா ஒளிச்சு வச்சிருக்கோம்? வந்து பாக்கட்டும்."

டெனிஸ் உள்ளே வந்ததும் கோட்டைக் கழற்றி மாட்டினாள், மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டாள், முழங்கை வரை கை கழுவினாள். "எனக்கும் ஒரு கரண்டி குடுங்களேன்" என்றாள், சுத்தமான எங்கள் ஊர் ஸ்பானிஷில். எர்லிந்தாவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு மடலை எடுத்தாள். எல்லோர் கண்ணும் அவள் கைக்குப் போனது. மடலுக்கு ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு. வெளியாள் என்றால் பக்கம் தெரியாமல் தடவுவாள், அவித்தபிறகு மாவு மடலோடு ஒட்டிக்கொண்டு உரியாது. டெனிஸ் மடலைப் பார்க்கக்கூட இல்லை. கட்டைவிரலால் தடவிப் பார்த்து, வழவழப்பான பக்கத்தைத் திருப்பி, ஒரே இழுப்பில் மாவைப் பரப்பினாள்.

அவ்வளவுதான். அதற்குமேல் எங்கள் பெண்களுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

"எங்கம்மா இருந்திருந்தா, ஏன்டி இவ்ளோ தடியா தடவுறேன்னு கையில ஒண்ணு போட்டிருப்பாங்க" என்றாள் டெனிஸ்.

"தடியாவே தடவுங்க" என்றாள் சாயோ. "உங்க சர்க்காருக்குக் கொழுப்பு கம்மியாவா இருக்கு?"

டெனிஸ்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். சிரிப்பு அடங்கினதும் பக்கத்தில் திரும்பி, மெதுவாகக் கேட்டாள். "உங்க பொண்ணும் அந்த வகுப்புலதான் படிக்குதா? வகுப்புல சேந்த பிறகு ஏதாவது மாறியிருக்கா?"

எர்லிந்தாவுக்கு இதைவிட நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை. கை மாவில் இருக்கும்போது பேசுவது எங்கள் பெண்களுக்குப் பாவமன்னிப்புக் கூண்டில் பேசுவதற்குச் சமம், வெளியே போகாது. அவள் கடையில் நடந்ததிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"முன்னாடி சத்தமே வராதுங்க அவகிட்ட. இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை, அதோட கதவு சாத்திக்கும். அந்த ஆரஞ்சுப் புத்தகத்தப் படிச்சா பாருங்க, அப்பறம் வந்துச்சு கோபம். அப்பப்பா, என்ன கோபம்! லீவு நாள்ல என்கூட வயலுக்கு வந்தா. எங்க மேஸ்திரிக்கு யார் பேரும் தெரியாது, தலைத்துண்டு கலரச் சொல்லித்தான் கூப்பிடுவான். ஏ நீலம், ஒண்ணுக்குப் போறதுக்கு இவ்ளோ நேரமான்னு என்னைக் கேட்டான். இவ நேரா அவன் முன்னாடி போய் நின்னா. 'அவங்களுக்குப் பேர் இருக்கு. எர்லிந்தா. சொல்லுங்க'ன்னா. நடுங்குறா, ஆனா நகர மாட்டேங்குறா. அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை இல்லன்னுட்டான். போடான்னு வீட்டுக்கு வந்துட்டேன். சந்தோஷத்துல அழுதேங்க. என்னைப் பாத்து வெக்கப்பட்ட பொண்ணு எனக்காகக் கோபப்படுறாளே!"

டெனிஸின் கண் கலங்கியிருந்தது. மாவுக் கையால் துடைக்க முடியாமல் தோளில் துடைத்துக்கொண்டாள். அது பொய்க் கண்ணீர் என்று நான் சொல்ல மாட்டேன். நிஜக் கண்ணீர்தான். வயிறு எரிவதே அதை நினைத்துத்தான்.

அன்றைக்குத் தமாலே எல்லாம் பதமாக வெந்தது. சாயோ திறந்து பார்த்து, "பாத்தீங்களா, எல்லாரும் நல்ல மனசோட வந்திருக்கீங்க" என்றாள். டெனிஸ் போகும்போது அவளுக்கு ஒரு பை நிறையச் சூடாகக் கட்டிக் கொடுத்தாள்.

டிசம்பர் இரண்டாவது வாரம் வாரியக் கூட்டம். பள்ளி மண்டபம் கொள்ளவில்லை. வயலிலிருந்து நேராக வந்தவர்கள் சுவரோரமாக நின்றார்கள். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்குக் காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் மேடையில் பேசுவதைக் கேட்டு ஸ்பானிஷில் சொல்வார். மேடையில் பேசி முடித்து மூச்சு விடுகிற நேரம் கழித்து அது இவர்கள் காதுக்கு வரும். எர்லிந்தா மாட்டிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரெலிக்கு அது தேவையில்லை. அவள் அம்மாவின் கையைக் கோர்த்துக்கொண்டிருந்தாள். "பயப்படாத அமா, நம்ம பக்கம்தான் நியாயம்" என்றாள்.

வாரியத் தலைவர் வெள்ளைத் தலைமுடிக்காரர், மரியாதையான மனிதர். அறிக்கையைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தார். வகுப்பு ஒழுங்காக நடக்கிறது, மதிப்பெண்கள் உயர்ந்திருக்கின்றன என்றெல்லாம் வந்தது. சாயோ முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்துக் கண் சிமிட்டினாள்.

பிறகு மண்டபத்தில் ஒரு சலசலப்பு. இங்கிலீஷ் தெரிந்தவர்களின் தலைகள் ஒவ்வொன்றாக எர்லிந்தா பக்கம் திரும்பின. ஏன் பார்க்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. சிரித்துவைத்தாள். அப்போது யாரெலியின் கை அவள் கையிலிருந்து மெல்ல உருவிக்கொண்டு போனது. "என்ன கண்ணு?" என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் காதில் அந்த ஆம்பிளைக் குரல் வந்துவிட்டது.

"ஒரு தாய் தெரிவித்தது. வகுப்பில் சேர்வதற்கு முன் தன் மகள் அமைதியானவள், ஆங்கிலமே பேசுபவள். ஒரு குறிப்பிட்ட நூலைப் படித்தபின் அவளுக்குக் கடும் கோபம் உண்டாயிற்று. தாய் வேலை செய்யும் இடத்தின் மேற்பார்வையாளரோடு அவள் மோதினாள். இதன் விளைவாகத் தாய் ஒரு வார வேலையை இழந்தார்."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவள் சொன்னதேதான். சிரிப்பையும் அழுகையையும் மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை எழுதியிருந்தார்கள். பெயர் போடவில்லை. எதற்குப் போடவேண்டும்? மேஸ்திரி முன்னால் போய் நின்ற பெண் எங்கள் ஊரில் ஒருத்திதானே.

எர்லிந்தா எழுந்து ஓடினாள். பேச வரிசையில் நின்றிருந்தவர்கள் வழிவிட்டார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்பானிஷில் சொன்னாள். "நான்தான் அந்தப் பொண்ணோட அம்மா. நான் அதைக் குறையாச் சொல்லலிங்க. சந்தோஷத்துல சொன்னேன். பெருமையாச் சொன்னேன்."

மொழிபெயர்த்துச் சொல்லும்வரை தலைவர் பொறுமையாகக் காத்திருந்தார். "நன்றி அம்மா. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் புத்தகத்தைப் படித்தபிறகு உங்கள் மகளுக்குக் கோபம் வந்ததா இல்லையா?"

எர்லிந்தா திரும்பிப் பார்த்தாள். யாரெலி இந்தப் பக்கம் பார்க்கவில்லை. இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் இல்லை என்றால் அந்த வயலில் அவள் நின்றதும் இல்லை, "அவங்களுக்குப் பேர் இருக்கு" என்றதும் இல்லை. பெற்றவள் அதை எப்படி இல்லை என்பாள்?

"வந்துச்சு" என்றாள்.

"நன்றி அம்மா."

டெனிஸ் மூன்றாவது வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். சாயோ எழுந்து போய் அவள் முன்னால் நின்று, "எங்க வீட்டுல கை நனைச்சவ இல்ல நீ?" என்று மட்டும் கேட்டாள். டெனிஸ் என்னவோ சொல்ல வாய் திறந்தாள், காவலாளி வந்து சாயோவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். பிறகு கை தூக்கச் சொன்னார்கள். ஒரே ஒருவர் தவிர எல்லோரும் வகுப்பை நிறுத்தச் சொல்லிக் கை தூக்கினார்கள்.

மறுநாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அட்டைப்பெட்டிகளோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். சாயங்காலம் வரைகூடப் பொறுக்கவில்லை. பிள்ளைகள் கையிலிருந்த புத்தகங்களைக்கூட வாங்கிப் பெட்டியில் போட்டார்கள். எங்கள் ஊரில் சவப்பெட்டி கடந்து போனால் எல்லோரும் எழுந்து நிற்பது வழக்கம். வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை, பெட்டிகள் வாசலைத் தாண்டும்போது பிள்ளைகள் தாங்களாகவே எழுந்து நின்றார்களாம். யாரெலி ஒருத்தி மட்டும் உட்கார்ந்தே இருந்தாளாம். ஆரஞ்சுப் புத்தகத்தை முதலில் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவள்தானாம். கூடப் படித்த பிள்ளைகள் சொல்லித்தான் எர்லிந்தாவுக்கு இதெல்லாம் தெரிந்தது.

ஊர் சும்மா இருந்துவிடவில்லை, அதையும் சொல்லவேண்டும். வக்கீல் மேல்கோர்ட்டுக்குப் போனார். பக்கத்து மாநிலங்களிலிருந்து யார் யாரோ அதே புத்தகங்களை வாங்கி அனுப்பினார்கள். சாயோ தன் முன்னறையில் சோபாவை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு அலமாரி அடித்தாள். போஹோர்கெஸ் வாத்தியார் ஞாயிறுதோறும் பூசை முடிந்து கோயில் கூடத்தில் வகுப்பெடுத்தார், சம்பளமில்லாமல். பிள்ளைகள் வந்தார்கள். யாரெலி வரவில்லை.

எர்லிந்தாவை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவித்த பயறு கொண்டுவந்து கொடுத்தார்கள், முதுகைத் தடவிவிட்டுப் போனார்கள். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

"கூப்பிட்டது நான், கொமாத்ரே" என்று சாயோ வந்து அழுதாள். யாரெலியை ஞானஸ்நானத்தில் கைப்பிள்ளையாக ஏந்தி நின்ற ஞானத்தாய் அவள், அந்த உறவுக்குத்தான் இருவரும் கொமாத்ரே. "பாவம் என்னுது. நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க."

"கூப்பிட்டது நீங்க. வாயத் தொறந்தது நானில்ல?" என்றாள் எர்லிந்தா. "யாராவது என்னை நாலு வார்த்தை கேளுங்களேன், கொமாத்ரே."

"எந்த வாயால கேக்கறது?" என்று சொல்லிவிட்டு, சாயோ எழுந்து போய்விட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எர்லிந்தா தன் வீட்டிலேயே தமாலே செய்தாள். சாயோ வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. யாரெலி தானாகவே வந்து எதிரே உட்கார்ந்து மடலை எடுத்துத் தடவ ஆரம்பித்தாள். நன்றாகத்தான் தடவினாள். முகத்தில் சிடுசிடுப்பு இல்லை, கதவைச் சாத்திக்கொள்ளவும் இல்லை. கேட்டதை எடுத்துக் கொடுத்தாள். ஒரு பானை நிறைய அடுக்கி, மூடி, அடுப்பில் வைக்கும்வரை எர்லிந்தா பொறுத்துப் பார்த்தாள். பிறகு முடியவில்லை.

"கண்ணு, ஒரு வாட்டி என்னைத் திட்டிடு" என்றாள். "ஏன் அவகிட்டச் சொன்னேன்னு கேளு. எல்லாத்தையும் நான்தான் கெடுத்தேன்னு கத்து. சட்டியத் தூக்கிப் போட்டு ஒடை. தமாலே வேகாமப் போனா போகட்டும், நாய்க்குப் போடுவோம். எம்மேல கோபப்படு கண்ணு."

யாரெலி கையிலிருந்த மாவைத் துணியில் துடைத்தாள். பதிலை இங்கிலீஷில் சொன்னாள். எர்லிந்தாவுக்கு அந்த இங்கிலீஷ் முழுக்கப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

நீ ஒன்றும் கெடுக்கவில்லை என்றாள் யாரெலி. நான் ஒரு தடவை கோபப்பட்டேன், உனக்கு ஒரு வாரம் வேலை போயிற்று. அதே கோபத்தைக் காட்டித்தான் எல்லோருடைய புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். வாத்தியாரின் வகுப்பு போயிற்று. இன்னும் என்ன போகவேண்டும்? நான் இனிமேல் நல்ல பிள்ளையாக இருந்துவிடுகிறேன். இதைச் சொல்லும்போது குரல் உயரவே இல்லை.

எர்லிந்தா மேஜையைச் சுற்றி வந்து மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். வயலில் அந்த மேஸ்திரி முன்னால் நின்ற முகம் இதற்குள் எங்கேயாவது இருக்குமா என்று தேடினாள்.

"கோபமே இல்லையா கண்ணு? கொஞ்சம்கூட?"

"ஐ அம் நாட் ஆங்கிரி, மாம்" என்றாள் யாரெலி.

பானையிலிருந்து ஆவி வர ஆரம்பித்தது. யாரெலி மேஜையைத் துடைத்துவிட்டு, கரண்டிகளைக் கழுவி வைத்துவிட்டு, தன் அறைக்குப் போனாள். எர்லிந்தா அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இறக்கின பிறகு மேலே இருந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று. பச்சை மாவு தட்டுப்படாதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போனாள்.

எல்லாம் பதமாக வெந்திருந்தது.